மக்காவ் ஊரில் எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது: பசியோடு போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மக்காவ் என்றதும் எல்லோருக்கும் கேசினோதான் நினைவுக்கு வருகிறது. நியாயம்தான், ஹாங்காங்குக்குப் பக்கத்தில் சீனக் கரையில் சுமார் 33 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சின்ன ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கேசினோ கட்டடம் மின்னிக்கொண்டு நிற்கும். ஆனால் நான் அங்கே போன மூன்று முறையும் சாப்பாட்டுக்காகத்தான் போனேன், முதல் முறை செய்த தப்புகளை இரண்டாவது முறை திருத்திக்கொண்டேன், மூன்றாவது முறைதான் ஊர் பிடிபட்டது. அந்தத் தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முழு வழிகாட்டியையும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே வரி: கேசினோக்களை இலவசப் பஸ்ஸுக்கும், ஏசிக்கும், கழிவறைக்கும், ஒரே ஒரு நல்ல மதிய விருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லா வேளையும் பழைய தெருக்களில் சாப்பிடுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இன்று நாம் பார்க்கும் மின்னும் மக்காவுக்கு வயது குறைவு. 1962 முதல் நாற்பது வருடம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த சூதாட்ட உரிமை 2002இல் மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது, 2004இல் சாண்ட்ஸ் கேசினோ வந்தது, 2007இல் வெனிஷியன் கேசினோ வந்தது. சாப்பாடோ 1557இல் போர்த்துகீசியர்கள் அங்கே குடியேறிய காலத்திலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது. கோவா, மலாக்கா, மொசாம்பிக் என்று அவர்களின் கப்பல் நின்ற துறைமுகம் ஒவ்வொன்றிலும் இருந்து ஏதோ ஒரு பொருள் இந்த ஊர் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. 1999 டிசம்பரில் ஊர் சீனாவிடம் போனது, அடுப்பு அணையவில்லை. 2017இல் யுனெஸ்கோ மக்காவை உணவுக்கான படைப்பாற்றல் நகரம் என்று அறிவித்தது. அந்தப் பட்டத்துக்கு உரிய சமையல் பெரும்பாலும் நாலு மேசை போட்ட கடைகளில்தான் கிடைக்கிறது.

முதலில் பணம், பஸ், நேரம்

மக்காவ் நாணயத்தின் பெயர் பட்டாக்கா. ஒரு பட்டாக்கா நம் கணக்கில் ஏறக்குறைய பத்துப் பதினோரு ரூபாய். ஹாங்காங் டாலரை எல்லாக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு வைப்பார்கள். அதிகாரபூர்வ மதிப்பு 100 ஹாங்காங் டாலருக்கு 103 பட்டாக்கா, அதாவது ஒவ்வொரு நூறிலும் மூன்று பட்டாக்கா உங்கள் கையைவிட்டுப் போகிறது. ஒரு நாள் பயணம் என்றால் பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மீதி பட்டாக்காவை மக்காவிலேயே திருப்பி மாற்றிவிடுங்கள், வெளியே வந்துவிட்டால் அதை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். சின்னக் கடைகளில் வெளிநாட்டு கார்டு செல்லாமல் போகலாம் என்பதால் கையில் ரொக்கம் இருக்கட்டும்.

ஹாங்காங்கில் இருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். 2018இல் திறந்த பாலம் வழியாகவும் பஸ்ஸில் வரலாம், இரவு பகல் பார்க்காமல் ஓடுகிறது, படகைவிட மலிவு. எங்கே இறங்கினாலும் வாசலில் கேசினோக்களின் இலவசப் பஸ்கள் வரிசையாக நிற்கும். ஏறுவதற்கு நீங்கள் சூதாட வேண்டியதில்லை, அந்த ஓட்டலில் தங்க வேண்டியதும் இல்லை. பழைய நகரத்துக்குப் போக கிராண்ட் லிஸ்போவா பஸ், தைப்பா கிராமத்துக்குப் போக வெனிஷியன் அல்லது கேலக்ஸி பஸ் என்று நினைவு வைத்தால் பாதி ஊரை இலவசமாகச் சுற்றிவிடலாம். நகரப் பஸ்ஸில் ரொக்கமாகக் கொடுத்தால் 6 பட்டாக்கா, சில்லறை திருப்பித் தரமாட்டார்கள், சரியான காசை உண்டியலில் போட வேண்டும்.

நேரம் முக்கியம். போர்த்துகீசிய உணவகங்கள் பலவும் மதியம் மூன்று மணிவாக்கில் மூடி மாலை ஆறு, ஆறரைக்குத்தான் திறக்கும். தேநீர்க் கடைகள் மதியத்தோடு முடிந்துவிடும். வார இறுதியும், சீனப் புத்தாண்டும், அக்டோபர் முதல் வார விடுமுறையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள், அந்த நாட்களில் பழைய நகரின் நடுவில் இருக்கும் செனாடோ சதுக்கத்தில் நடப்பதே தீபாவளிக்கு முந்தின நாள் தி. நகரில் நடப்பது போலத்தான். அப்புறம், நான் சொல்லும் எந்தக் கடைக்கும் கிளம்பும் முன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகள் அங்கே நிறைய.

காலை: சிவப்புச் சந்தைப் பக்கம் போய்த் தேநீர்

ஓட்டல் காலை உணவைத் தியாகம் செய்யுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நேராக சிவப்புச் சந்தைக்குப் போங்கள். 1936இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம், உள்ளே மீனும் இறைச்சியும் காய்கறியும். அதற்கு எதிரே மாடியில் லுங் வா தேநீர்க்கடை, 1962இல் இருந்து நடக்கிறது. பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல்கள், பழைய மர இருக்கைகள், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. யாரும் வந்து மெனு நீட்டமாட்டார்கள். ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளில் இருந்து டிம் சம், அதாவது சின்னச் சின்னச் சீனப் பலகாரத் தட்டுகளை நீங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும், தேநீரும் அப்படித்தான். புவர் தேநீர் கேளுங்கள், கறுப்பாக, மண் வாசத்தோடு இருக்கும், எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பொருத்தமான துணை. இறால் கொழுக்கட்டை, பன்றி இறைச்சி வைத்த வெள்ளை பன், அரிசி மாவு ரோல் இவற்றில் தொடங்கலாம். சோயா சாஸில் வேகவைத்த கோழிக்கும் அந்தக் கடை பேர் பெற்றது.

இரண்டு பழக்கம் தெரிந்துகொண்டால் மரியாதையாக இருக்கும். யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அது நன்றி. கேத்தலில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் மூடியைச் சாய்த்து வையுங்கள், அவர்களே வந்து நிரப்புவார்கள். கூட்ட நேரத்தில் அறியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள், சங்கடப்பட வேண்டாம், அங்கே அது சாதாரணம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மூன்று விளக்கு வட்டம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பகுதி வரும். பர்மாவில் இருந்து வந்து குடியேறிய சீனர்கள் நிறைய வாழும் இடம். தேங்காய்ப்பால் நூடுல்ஸும் மீன் குழம்பு நூடுல்ஸும் இங்கே தேட வேண்டியவை. சென்னை பாரிமுனையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு இந்தத் தெரு ஒரு விருந்து. பர்மாவில் இருந்து கிளம்பிய இரண்டு கூட்டங்கள், ஒன்று நம் சென்னைக்கு வந்தது, இன்னொன்று மக்காவுக்குப் போனது, இரண்டுமே தங்கள் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கூடவே கொண்டுபோயிருக்கின்றன. அந்தக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

செனாடோ சதுக்கத்தைச் சுற்றி: நின்று, நடந்து, கொறித்து

கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்த தரை, அதுதான் செனாடோ சதுக்கம். எல்லாச் சுற்றுலாப் பயணிகளும் இங்கேதான் இருப்பார்கள், ஆனாலும் ஒதுக்க முடியாது. சதுக்கத்திலேயே வோங் சி கெய், 1946இல் தொடங்கிய நூடுல்ஸ் கடை. தென்சீனாவின் பழைய முறைப்படி, மாவைப் பெரிய மூங்கில் கழியால் அழுத்தி அழுத்திப் பிசைந்து செய்யும் நூடுல்ஸ், மெல்லியதாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். வான்டன் என்ற குட்டிக் கொழுக்கட்டை மிதக்கும் சூப்போடு சாப்பிடலாம், ஆனால் என் ஓட்டு இறால் முட்டைத் தூள் தூவிய உலர்ந்த நூடுல்ஸுக்குத்தான். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், வாயில் வைத்தால் கருவாட்டுப் பொடி போட்டுப் பிசைந்தது போல கடல் வாசம் தூக்கும்.

பக்கத்திலேயே யீ ஷுன் பால் கடை. இரட்டைத் தோல் பால் என்று ஒன்று தருவார்கள், கிண்ணத்தில் கெட்டியாக உறைந்த பால், மேலே ஆடை படர்ந்திருக்கும், சூடாகவும் கிடைக்கும் குளிராகவும் கிடைக்கும். நம் ஊர் சீம்பால் சாப்பிட்டவர்களுக்கு முதல் ஸ்பூனிலேயே பழக்கப்பட்ட ஏதோ ஒன்று தட்டுப்படும். இஞ்சிப் பால் வகையும் உண்டு, அது எனக்கு இன்னும் பிடித்தது, சூடான பால் இஞ்சிச் சாற்றோடு சேர்ந்து தானாகவே உறைகிறது. ஒன்று கவனம், இரட்டைத் தோல் பாலில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது வழக்கம்.

சதுக்கத்துக்குப் பின்னால் பேராலயத்தை ஒட்டிய சந்தில் கறி மீன் உருண்டைக் கடைகள். மீன் உருண்டை, காளான், கீரை, டோஃபு என்று குச்சியில் குத்தி வைத்திருப்பதை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் வேகவைத்துக் கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும்.

செயின்ட் பால் தேவாலயத்தின் சிதைந்த முகப்புக்குப் போகும் ஏற்றமான தெரு முழுவதும் பலகாரக் கடைகள், சுவைத்துப் பார்க்கச் சும்மாவே கொடுப்பார்கள். பாதாம் பிஸ்கட் என்று பெயர், ஆனால் அடிப்படை பயத்த மாவு, அச்சில் அழுத்திச் சுட்டது. வாயில் போட்டதும் மாவாக உதிர்ந்து பாசிப்பருப்பு உருண்டையின் நினைப்பு வரும். சைவக்காரர்கள் இங்கே நிதானிக்க வேண்டும், பழைய முறையில் அதில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

மாலையில் ருவா ட ஃபெலிசிடாட், அதாவது மகிழ்ச்சித் தெரு. ஒரு காலத்தில் விலைமாதர் தெரு, இன்று சிவப்புக் கதவுகளும் சிவப்பு ஜன்னல்களுமாக அழகாக நிற்கிறது. அங்கே 1903இல் தொடங்கிய ஃபாட் சியூ லாவ் என்ற உணவகம், வறுத்த புறாவுக்குப் பேர் போனது.

ஒரு வேளையாவது மக்கானீஸ் சமையல், இதைத் தவறவிடாதீர்கள்

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இந்தப் பகுதிதான். ஹாங்காங்கிலும் டிம் சம் கிடைக்கும், லிஸ்பனிலும் பக்காலியாவ் என்ற உப்பிட்ட காட் மீன் கிடைக்கும். மக்கானீஸ் சாப்பாடு மக்காவில் பிறந்தது. போர்த்துகீசியர்களும் அவர்கள் போன இடமெல்லாம் சேர்ந்த ஆசியக் குடும்பங்களும் கலந்து உருவான ஒரு சின்னச் சமூகம், அவர்களின் வீட்டுச் சமையல். அவர்களுக்கு பட்டுவா என்று ஒரு தனி மொழியும் இருந்தது, இன்று பேசுகிறவர்கள் மிகக் குறைவு. மொழி தேய்ந்தாலும் சட்டி தேயவில்லை. 2021இல் சீனா இந்தச் சமையல் முறையைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மின்சி: முதலில் இதைச் சொல்லுங்கள். பன்றி அல்லது மாட்டுக் கொத்துக்கறியைச் சோயா சாஸில் வதக்கி, சின்னச் சதுரமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கைக் கலந்து, சோற்றின் மேல் போட்டு, உச்சியில் ஒரு பொரித்த முட்டை. அவ்வளவுதான். மஞ்சள் கரு உடைந்து சோற்றில் இறங்கும்போது பிசைந்து சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம் உண்டு, எங்கள் அம்மாவின் மின்சிதான் சரியான மின்சி என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள், நம் வீடுகளில் சாம்பாருக்கு நடக்கும் அதே சண்டை.

ஆப்பிரிக்கக் கோழி: தேங்காய், நிலக்கடலை, மிளகாய், பூண்டு சேர்ந்த கெட்டியான சாறு பூசிச் சுட்ட கோழி. 1940களில் ஓர் ஓட்டல் சமையல்காரர் ஆப்பிரிக்கப் பயணத்தின் நினைவாகச் செய்தார் என்பது ஊரில் பரவலாகச் சொல்லும் கதை. கடைக்குக் கடை வேறு வேறு மாதிரி இருக்கும், அதனால் ஒரு இடத்தில் பிடிக்கவில்லை என்றால் கைவிட்டுவிடாதீர்கள்.

போர்த்துகீசியக் கோழி: பெயரை நம்பி ஏமாற வேண்டாம், போர்ச்சுகலில் இப்படி ஒன்று கிடையாது. மஞ்சள் தூள், தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு போட்ட கோழி, மேலே ஆலிவ், அடுப்பில் வைத்து மேல்பக்கம் சிவக்கச் சுட்டது. மிளகாயைக் குறைத்த கோழிக் குருமா என்று நினைத்துக்கொள்ளுங்கள். காரம் தேடிப் போகாதீர்கள், அதன் அழகே அந்த மென்மைதான்.

புளி போட்ட பன்றிக்கறி: புளியும் பலிஷாவும் சேர்ந்தது. பலிஷாவ் என்பது இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்த விழுது. கோவாவில் பல்சாவ் என்று இறால் ஊறுகாய் சாப்பிட்டிருப்பீர்கள், பெயரே சொல்லிவிடுகிறது இரண்டும் ஒரே குடும்பம் என்று. கருவாடும் புளியும் சேர்ந்த ருசிக்கு உருகுகிற ஆள் என்றால் இது உங்களுக்கான தட்டு.

எங்கே போவது? அ-மா கோயிலுக்கு அருகில் அ லோர்ஷா, அதே பகுதியில் லிட்டோரல், இரண்டும் போர்த்துகீசிய உணவும் மக்கானீஸ் உணவும் சேர்த்துத் தருபவை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், வார இறுதியில் இடம் கிடைக்காது. எளிமையான இடம் வேண்டும் என்றால் ரிக்‌ஷோ. மக்கானீஸ் சமையலின் மூதாட்டி என்று ஊரே மதித்த ஐடா டி ஜெசுஸ் அம்மையாரின் கடை. அவர் 2021இல் 105 வயதில் மறைந்தார், நூறு வயது தாண்டிய பின்னும் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். தட்டில் வரும் சாப்பாட்டில் எந்த அலங்காரமும் இருக்காது. அதுதான் வீட்டுச் சாப்பாடு.

மெனு அட்டையைப் பார்த்தால் ஒரு சின்னச் சந்தோஷம் காத்திருக்கிறது. ஒயின் ஒரு கோப்பு, அதாவது ஒரு கோப்பை. அனனாஸ், அதாவது அன்னாசி. உட்காரும் மேசா, நம் மேசை. போர்த்துகீசியர்கள் நம் கடற்கரையில் விட்டுப்போன அதே சொற்கள் அங்கேயும் கிடக்கின்றன.

விலை என்று பார்த்தால் இப்படிப்பட்ட உணவகத்தில் ஒருவருக்கு 200 முதல் 300 பட்டாக்கா வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் பெரியவை. மூன்று பேர் போனால் இரண்டு முக்கிய உணவும் ஒரு சாதமும் போதும், அதிகமாகச் சொல்லி வீணாக்காதீர்கள்.

தைப்பா கிராமம்

வெனிஷியன் பஸ்ஸில் வந்து இறங்கி, கேசினோவின் பின்பக்கமாக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தைப்பா பழைய கிராமம். ருவா டு குன்யா என்ற குறுகலான தெருதான் மையம். இங்கே பன்றி வறுவல் பன் சாப்பிடுகிறார்கள், மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமான ரொட்டியைப் பிளந்து, பொரித்த பன்றி இறைச்சித் துண்டை வைத்துத் தருவது. சாஸ் கிடையாது, காய் கிடையாது. தாய் லே லோய் கெய் என்ற கடைதான் இதற்குப் பெயர் வாங்கியது, 1968இல் தொடங்கியது. எலும்போடு இருக்கலாம், அவசரமாகக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் செரதுரா. பெயருக்கு மரத்தூள் என்று பொருள். அடித்த கிரீமும் பொடித்த மேரி பிஸ்கட்டும் அடுக்கடுக்காக, குளிர வைத்தது. நம் வீட்டில் டீயில் முக்கிச் சாப்பிடும் அதே மேரி பிஸ்கட்தான். இந்தத் தெருவில் மோக் யீ கெய் கடையில் செரதுராவும் டுரியான் ஐஸ்கிரீமும் கிடைக்கும்.

கூட்டம் குறைந்த பின் இரவு வரை இருந்தால் நண்டுக் கஞ்சி கேளுங்கள். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்து நண்டைக் கஞ்சியோடு சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள், நண்டின் கொழுப்பு இறங்கிக் கஞ்சியே மஞ்சளாகிவிடும். செங் சியோங் என்ற கடை இதற்குப் பேர் பெற்றது.

கொலோவான்: மக்காவின் மெதுவான முனை

பஸ் 26ஏ பிடித்துக் கொலோவான் கிராமத்தில் இறங்குங்கள். மக்காவில் சத்தமே இல்லாத மூலை. இங்கேதான் 1989இல் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் லார்ட் ஸ்டோஸ் பேக்கரியைத் தொடங்கினார். மருந்துத் தொழில் படித்து மக்காவுக்கு வேலைக்கு வந்தவர், போர்ச்சுகலின் பஸ்டெல் டி நாட்டாவைச் சுவைத்துவிட்டு, உள்ளே வைக்கும் முட்டைக் கலவையை ஆங்கிலக் கஸ்டர்டு பாணியில் மாற்றினார். அதுதான் இன்று ஆசியா முழுவதும் போர்த்துகீசிய முட்டை டார்ட் என்று விற்கிறது. அவருடைய முன்னாள் மனைவி மார்கரெட் நகரத்தில் கிராண்ட் லிஸ்போவாவுக்கு அருகே ஒரு சந்தில் தனியாகக் கடை போட்டார், அந்தச் செய்முறைதான் 1999இல் கேஎஃப்சி கைக்குப் போனது. எது மேல் என்ற விவாதம் மக்காவில் முடியாது. மார்கரெட் கடையின் மேலோடு இன்னும் மொறுமொறுப்பு, ஸ்டோ கடையின் கஸ்டர்டு இன்னும் வழவழப்பு, நான் ஸ்டோ பக்கம்.

ஒன்று பத்துப் பன்னிரண்டு பட்டாக்கா. மேலே கருகின திட்டுகள் இருக்கும், அது தீய்ந்துபோனது இல்லை, சர்க்கரை கருகும் அந்த லேசான கசப்புதான் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. வாங்கினதும் வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும், கடற்கரைப் பக்கம் நடந்து, எதிரே தெரியும் சீனக் கரையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்துச் சாப்பிடுங்கள்.

அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் போனால் ஹாக் சா, கறுப்பு மணல் கடற்கரை. அங்கே ஃபெர்னாண்டோஸ், 1986இல் இருந்து. சிவப்புக் கட்டம் போட்ட மேசைத் துணி, செங்கல் சுவர். பூண்டும் கொத்தமல்லியும் போட்ட மட்டி, கரியில் சுட்ட கோழி, சூடான ரொட்டி, பழத்துண்டு போட்ட ஒயினான சங்க்ரியா ஒரு ஜாடி. மட்டி தீர்ந்ததும் தட்டின் அடியில் நிற்கும் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். மதியம் போய் மாலை வரை உட்காருவதற்கு மக்காவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கேசினோவுக்குள் எதைச் சாப்பிடலாம்

முதல் பயணத்தில் ஒரு பெரிய கேசினோ ஓட்டலின் பஃபேக்கு நிறையப் பணம் கொடுத்துப் போனேன். ஐம்பது அறுபது வகை இருந்தன, ஒன்றும் நினைவில் நிற்கவில்லை, மறுநாள் தெருவில் சாப்பிட்ட நூடுல்ஸ் நின்றது. அதனால் என் யோசனை: பஃபே வேண்டாம், ஃபுட் கோர்ட் அவசரத்துக்கு மட்டும், மிச்சப்படும் பணத்தைச் சேர்த்து ஒரே ஒரு பெரிய விருந்து.

அந்த விருந்துக்கு கிராண்ட் லிஸ்போவாவின் உச்சியில் இருக்கும் ரோபுஷோன் ஓ டோம். பிரெஞ்சுச் சமையல், பல வருடங்களாக மூன்று மிஷலின் நட்சத்திரம், கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே சாப்பிடலாம். மதிய செட் மெனு இரவு விலையைவிட மிகவும் குறைவு, அதைத்தான் பிடிக்க வேண்டும். ரொட்டி வண்டி வரும், இனிப்பு வண்டி வரும், இரண்டுக்கும் வயிற்றில் இடம் வையுங்கள். கான்டனீஸ், அதாவது தென்சீனச் சமையலில் அதே உயரம் தொட வேண்டும் என்றால் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸில் ஜேட் டிராகன். இரண்டுக்கும் பல நாட்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். பெரிய உணவகங்களில் பில்லோடு 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து வரும், அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். சூதாட்டத் தளத்துக்குள் 21 வயது நிரம்பாதவர்களை விடமாட்டார்கள், சில உணவகங்களுக்கு வழி அந்தத் தளம் வழியாகத்தான் போகும். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

குடிக்க

லாஸ் வேகாஸ் பழக்கத்தில் சூதாட்ட மேசையில் உட்கார்ந்தால் சாராயம் இலவசமாக வரும் என்று நினைக்காதீர்கள். மக்காவ் மேசைகளில் ஆட்டம் சீரியஸ். தள்ளுவண்டியில் வருவது பெரும்பாலும் தண்ணீரும் தேநீரும் பால் தேநீரும்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், மக்காவில் ஒயினுக்கும் பீருக்கும் மது வரி கிடையாது, 30 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள வகைகளுக்குத்தான் வரி. அதனால் போர்த்துகீசிய ஒயின் நியாயமான விலையில் கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டிலும் கூட. அந்த ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வின்யோ வெர்டே பொருத்தம். பச்சை ஒயின் என்று பொருள், நிறம் பச்சை இல்லை, இளசாகக் குடிப்பது என்ற அர்த்தம். லேசாகக் குமிழ் விடும், புளிப்பு தூக்கலாக இருக்கும், மட்டிக்கும் மீனுக்கும் சேரும். ஆப்பிரிக்கக் கோழிக்கு டோரு பகுதிச் சிவப்பு ஒயின் கேளுங்கள். பீர் என்றால் சூப்பர் போக், சாக்ரெஸ், உள்ளூர்ப் பெயரில் மக்காவ் பீர். காக்டெயில் பிரியர்கள் செயின்ட் ரீஜிஸ் ஓட்டல் பாரில் மரியா டு லெஸ்டே கேட்கலாம், ப்ளடி மேரியை மக்காவ் ருசிக்கு மாற்றிச் செய்தது. 18 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்ற சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, முகம் இளமையாக இருந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

குடிக்காதவர்களுக்கும் ஊர் வஞ்சனை செய்யவில்லை. காபியும் பால் தேநீரும் கலந்த யுன் யோங் ஒரு முறை குடித்துப் பாருங்கள், போர்த்துகீசியக் கஃபேக்களில் கண்ணாடி டம்ளரில் தரும் பால் காபி கலாவ், நம் டிகிரி காபிக்குப் பழகினவர்களுக்கு லேசாகத்தான் இருக்கும்.

சைவக்காரர்கள் என்ன செய்வது

மறைக்காமல் சொல்கிறேன், கஷ்டம். காய்கறித் தட்டிலும் இறைச்சித் துணுக்கு விழுந்திருக்கும், போர்த்துகீசியக் கீரை சூப்பான கால்டோ வெர்டேவில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும், டோஃபு குழம்பில் இறைச்சிச் சாறு இருக்கும். ஊர்க்காரர்கள் பேசும் கான்டனீஸ் மொழியில் புத்த சைவத்துக்கு சாய் என்று பெயர். நம் சைவத்தைவிடக் கண்டிப்பானது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள், அதனால் அந்தச் சொல்லைச் சீன எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுவதுதான் பத்திரமான வழி. இந்தியச் சாப்பாடு தேடினால் வெனிஷியனில் கோல்டன் பீக்காக் இருக்கிறது, மிஷலின் நட்சத்திரம் வாங்கிய உணவகம், விலையும் அதற்கேற்ப. பழைய நகரத்திலும் சின்ன இந்தியக் கறிக்கடைகள் சில உண்டு, தயிரும் சப்பாத்தியும் பருப்பும் கிடைக்கும். முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால் டார்ட், செரதுரா, பால் வகைகளை வைத்தே ஒரு நாளைச் சந்தோஷமாக ஓட்டிவிடலாம். ஹலால் பார்க்கிறவர்களும் இந்தியக் கடைகளில் கேட்டுப் பார்ப்பதுதான் எளிது, தெருக்கடைகளில் பன்றிக் கொழுப்பு எங்கும் நுழைந்திருக்கும்.

எப்போது போவது, என்ன கொண்டுவருவது

அக்டோபர், நவம்பர் சரியான காலம், ஈரப்பதம் குறையும். அக்டோபரில் தைப்பா பழைய வீடுகள் பக்கம் லூசோஃபோனியா விழா நடக்கும், போர்த்துகீசியத் தொடர்புள்ள சமூகங்கள் எல்லாம் கடை போடுவார்கள், கோவா, டாமன், டையூவுக்கும் ஒரு கடை உண்டு. நவம்பரில் சாய் வான் ஏரிக்கரையில் உணவுத் திருவிழா. இரண்டில் ஒன்றுக்குப் பயணத்தைப் பொருத்த முடிந்தால் பொருத்துங்கள். ஆனால் நவம்பரில் கார் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஓட்டல் விலை ஏறிவிடும், சாலைகளும் அடைபடும்.

பலகாரக் கடைகளில் தகடு தகடாகத் தொங்கும் இனிப்பு இறைச்சி வற்றலை ஆசைப்பட்டு மூட்டை கட்டாதீர்கள். ஹாங்காங் எல்லையிலும் வேறு பல நாடுகளிலும் இறைச்சிப் பொருளைப் பிடித்துவிடுவார்கள், வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். பாதாம் பிஸ்கட் வாரக்கணக்கில் தாங்கும், மத்தி மீன் டப்பாக்கள் அழகான அட்டையில் கிடைக்கும், ஒயின் பாட்டிலைத் துணிக்குள் சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். முட்டை டார்ட்டை மட்டும் ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள், மேலோடு சாயந்திரத்துக்குள் நமத்துவிடும். கிளம்பும் நாள் காலையில் ஆறு வாங்குங்கள், இரண்டைக் கடை வாசலிலும் நாலைப் படகிலும் சாப்பிடுங்கள்.